வாசகர் கேள்வி-பதில்: பழைய பாட்டுப் புத்தகங்கள்

கேள்வி: தோட்டத்து லயத்து வீட்டை (தொழிலாளர் வரிசை வீடு) காலி செய்தபோது தாத்தாவின் தகரப் பெட்டியில் பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, சில எட்டுப் பக்கச் சிந்துப் புத்தகங்கள் (மெட்டோடு பாடும் மலிவான பாட்டுப் புத்தகங்கள்) கிடைத்தன. ஆங்கில ஆண்டு எதிலும் இல்லை. காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: முகப்பேட்டில் தமிழ் வருஷப் பெயர் இருக்கிறதா பாருங்கள். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். ‘தாது’ என்றிருந்தால் 1876 அல்லது 1936. எது என்பதைப் பாட்டின் மெட்டே பல சமயம் காட்டிக் கொடுக்கும். சிந்துப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே ‘இன்ன பாட்டு மெட்டு’ என்று போட்டிருப்பார்கள். அது சினிமாப் பாட்டாக இருந்தால் 1876-க்கு வாய்ப்பே இல்லை. தமிழில் பேசும் படம் வந்தது 1931-இல்தான்.

அடுத்து விலை. அணாக் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. இந்தியாவில் நயா பைசா வந்தது அப்போதுதான். பதிப்பகத்தின் சென்னை முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. னை, லை, றா போன்றவை பழைய வடிவில் இருப்பதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். தமிழக அரசு 1978-இல் சீர்திருத்த எழுத்தை ஏற்ற பிறகும் கையிலிருந்த ஈய எழுத்தை வைத்தே அச்சடித்தவர்கள் உண்டு. தாள் பழுத்திருப்பதும் சாட்சியாகாது. மலிவான மரக்கூழ்த் தாள் சில ஆண்டுகளிலேயே பழுத்துவிடும், அதுவும் தகரக் கூரைச் சூட்டில் கேட்கவே வேண்டாம்.

பக்கம் குறைகிறதா என்றும் பாருங்கள். எட்டுப் பக்கப் புத்தகம் ஒரே தாளின் இரண்டு மடிப்பு. முதல் ஏடு போயிருந்தால் அதோடு ஒட்டிய 7, 8-ஆம் பக்கங்கள் தனியாகக் கழன்று நிற்கும்.

கேள்வி: தாள் தொட்டாலே உதிர்கிறது, கம்பித் தையல் துருவேறிவிட்டது, பூச்சியும் இருக்கிறது. வெயிலில் காயவைத்து, பாச்சை உருண்டை போட்டு, செலோடேப்பால் ஒட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, பீடோர்

பதில்: மூன்றும் வேண்டாம், அம்மா. வெயில் தாளை இன்னும் முறுக வைக்கும். பாச்சை உருண்டையின் நெடி உடம்புக்கும் கெடுதல், தாளிலும் ஏறிவிடும். செலோடேப்பின் பசை தாளுக்குள் ஊறி மஞ்சள் கறையாகும். அந்தக் கறை பிறகு போகாது.

பூச்சிக்குக் குளிர்தான் மருந்து. உலர்ந்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஈரம் புகாமல் மூடி, ஐஸ்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் (-18 டிகிரி) இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளின் மேல் நம் ஊர் ஈரக்காற்று நீராகப் படிந்து பூஞ்சைக்கு வழிவிடும்.

கம்பியை முதுகுப் பக்கமிருந்து இழுத்தால் தாள் கிழியும். நடு ஏட்டை விரித்து, மடங்கிய இரு முனைகளையும் மொட்டைக் கத்தியால் நிமிர்த்திவிட்டு வெளியே தள்ளுங்கள். பிறகு மடிப்பில் மூன்று துளை வழியே பருத்தி நூலால் தைத்தால் போதும். கிழிசலுக்கு ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும்: ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் கிண்டிக்கொண்டே கெட்டியாக்கி, ஆறவிட்டுப் பூசுங்கள். மைதாவில் புரதம் இருப்பதால் பூச்சியை அழைக்கும். அச்சு மை எண்ணெய் மை, கரையாது. ஆனால் ரப்பர் முத்திரையும் பேனா மையும் கரையும். அந்த இடத்தில் பசை படக்கூடாது.

எண்ணெய்க் கறை, பென்சில் கோடு, தோட்டத்தின் பெயர், படித்தவர் கையெழுத்து எதையும் துடைக்காதீர்கள். மூச்சு விடுமிடத்தில் போட்ட கோடு அந்த ஊரில் எப்படிப் படித்தார்கள் என்பதற்கு ஆதாரம். பளபளக்கும் பிரதியைவிட அப்படிப்பட்ட பிரதியே நமக்குப் பெரிது.

கேள்வி: ஆடித் திருவிழாவில் படித்த மாரியம்மன் தாலாட்டு, கையால் எழுதிய நோட்டு. அச்சுப் புத்தகம் கடையில் கிடைக்கும்போது இதற்கு மதிப்பு உண்டா?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: நிச்சயம் உண்டு. அச்சில் இல்லாத அடிகளும் உள்ளூர்ப் பெயர்களும் கைப்பிரதியில்தான் புகுந்திருக்கும். அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுங்கள். தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), எழுதியவர், படித்தவர் விவரத்தைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். ராகம் நோட்டில் இருக்காது. படித்தவர் இருந்தால் அவர் குரலையே பதிவு செய்துகொள்ளுங்கள், முழுதாக, இடையில் நிறுத்தாமல்.