ஆமை தின்றதைத் துப்புகிறது, கக்குகிறது: செங்காங் தம்பிக்குப் பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு. ஊருக்குத் திரும்பிய அறைத்தோழர் விட்டுப்போன ஆமை இரையைக் கவ்விவிட்டுத் துப்புகிறது, சில நாள் தின்றதையும் கக்கிவிடுகிறது, என்ன செய்வது? வேலையிடத்தில் ஒருவர் தருவதாகச் சொல்லும் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பை வாங்கி வளர்க்கலாமா?

பாம்பு வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள ஊர்வன ரெட்-இயர்ட் ஸ்லைடர் ஆமையும் மலாயன் பாக்ஸ் ஆமையும் மட்டும்தான். பாம்பு, இகுவானா, கெக்கோ, நம்மூர் நட்சத்திர ஆமை எல்லாமே சட்டவிரோதம். வேலை அனுமதியில் இருக்கும் நீங்கள் இதில் சிக்கவே கூடாது. உங்கள் ஆமையின் கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தால் அது ஸ்லைடர். பயமில்லாமல் மருத்துவரிடம் கொண்டுபோகலாம். வளர்க்க முடியாது என்று தோன்றினாலும் நீர்த்தேக்கத்திலோ பூங்காக் குளத்திலோ விட்டுவிடாதீர்கள், அதுவும் குற்றம். பொறுப்பாக வளர்க்கக்கூடிய இன்னொருவரைத் தேடிக் கொடுங்கள்.

இனி ஆமைக்கு வருவோம். துப்புவதையும் கக்குவதையும் பிரித்துப் பாருங்கள், காரணங்கள் வேறு. கவ்வியதும் வாயிலிருந்து விழுந்தால் சிக்கல் பெரும்பாலும் வாயில், கண்ணில், அல்லது இரையில். மணிக்கணக்கு கழித்து, பாதி செரித்து, நாற்றத்தோடு வந்தால் சிக்கல் உள்ளே. ஆமை உண்மையில் கக்குவது அபூர்வம், அதனால் அதை லேசாக எடுக்கக் கூடாது. நகத்தால் கிழிக்கும்போது துணுக்குகள் மிதப்பது மட்டும் இயல்பு.

ஸ்லைடர் தண்ணீருக்குள் தலையை வைத்துத்தான் விழுங்கும். மேட்டில் வைத்து ஊட்டினாலோ, தண்ணீர் தலை மூழ்காத அளவுக்குக் குறைவாக இருந்தாலோ துப்பத்தான் செய்யும். முதலில் இதைச் சரிசெய்யுங்கள். துண்டு அதன் தலையில் பாதி அளவுக்கு மேல் வேண்டாம். கடையில் டப்பாவில் விற்கும் காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்திருந்தால் வைட்டமின் ஏ குறைந்திருக்கும்: இமை வீங்கும், இரை தெரியாது, வாய்க்குள் புண் வரும். ஆமைக்கென்று விற்கும் உருண்டைத் தீனியை அடிப்படையாக வைத்து, தேக்கா சந்தையில் கிடைக்கும் சாவி (sawi என்ற கடுகுக்கீரை வகை), ரோமெய்ன் லெட்டூஸ், கொஞ்சம் கேரட் துருவல் சேருங்கள். பசலை, தண்டுக்கீரை அடிக்கடி வேண்டாம். அவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும்.

இரைக்காக வாய் திறக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். தயிர்க்கட்டி போல மஞ்சளும் வெள்ளையுமாகப் படிந்திருந்தால் வாயழுகல். அலகு நீண்டு வளைந்திருந்தாலோ, தாடையும் ஓடும் அழுத்தினால் நெகிழ்ந்தாலோ அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டியது. நீங்களாக வாயைப் பிளக்காதீர்கள், தாடை முறியும்.

கக்குவதற்கு இங்கே நான் முதலில் சந்தேகப்படுவது ஏர்கான். இந்த ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று நினைப்போம். ஆனால் இரவெல்லாம் ஏர்கான் ஓடும் அறையில் தொட்டித் தண்ணீர் 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆமையின் உடம்புச்சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகி இரை வயிற்றில் தங்கி அழுகும், பிறகு மேலே வரும். ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். தண்ணீர் 26 முதல் 28, உலரும் மேட்டில் விளக்கின் கீழ் 32 டிகிரி. தொட்டியை ஏர்கான் இல்லாத ஹாலுக்கு மாற்ற வீட்டு உரிமையாளர் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

யுவிபி என்ற புற ஊதாக்கதிர் தரும் விளக்கு கட்டாயம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யுவிபி இருக்காது. அதற்காகக் கண்ணாடித் தொட்டியோடு தாழ்வாரத்து வெயிலில் வைக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி ஆமை செத்துவிடும்.

தண்ணீரிலும் ஒரு விஷயம். இங்கே குழாய் நீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் இருக்கிறது. ஊரில் செய்வதுபோல வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் அது போகாது. வடிகட்டியிலுள்ள நல்ல நுண்ணுயிரைக் கொன்று அம்மோனியாவை ஏற்றும். மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டை, குளோரமினுக்கும் ஆகும் என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். தொட்டியைச் சமையல் தொட்டியில் கழுவ வேண்டாம். ஆமையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

வளர்ந்த ஆமை ஒருமுறை கக்கினால் இரண்டு மூன்று நாள் தீனி நிறுத்தி, வெப்பத்தைச் சரிசெய்து, பிறகு வழக்கத்தில் கால்வாசி கொடுங்கள். மறுபடி கக்கினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தாலோ, தொட்டியில் கூழாங்கல் குறைந்து, அதை விழுங்கியிருக்கும் என்று தோன்றினாலோ காத்திருக்காதீர்கள். குட்டியென்றால் முதல் தடவையே போங்கள். சோர்ந்த ஆமையை ஆழ நீரில் விட்டால் மூழ்கிவிடும். தாடை மட்டத்துக்குத் தண்ணீர் போதும்.

எல்லாக் கிளினிக்கும் ஊர்வன பார்ப்பதில்லை. எக்ஸாட்டிக் (நாய், பூனை அல்லாத) விலங்கு பார்ப்பீர்களா, எக்ஸ்ரேயோடு எவ்வளவு ஆகும் என்று போனிலேயே கேளுங்கள். காற்றுத்துளை போட்ட பெட்டியில் ஈரத்துண்டு விரித்து, தண்ணீர் ஊற்றாமல் கொண்டுபோங்கள். எம்ஆர்டி ரயிலில் ஏற்ற மாட்டார்கள், செல்லப்பிராணிகளை ஏற்றும் கிராப்பெட் கார் பதிவு செய்யலாம். கக்கியதைப் படமெடுத்து, புதுச் சாணத்தைச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். கல்லா, பெண் ஆமைக்கு முட்டையா என்பது எக்ஸ்ரேயில் தெரியும்.

நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மருந்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் ஐவர்மெக்டின் இருக்கலாம், ஆமைக்கு அது உயிர்க்கொல்லி. சமையலறைத் தராசில் இன்றே எடை போட்டுக் குறித்துவையுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.