கடிச்சா நல்லது – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

டிசம்பர் லீவுக்கு குடும்பத்தோட கேப்டவுன் போறோம். அங்க அடிபட்ட பெங்குவின்களுக்கு வைத்தியம் பாக்குற சென்டருக்கு நீங்க போனதா ஒருதடவை எழுதியிருந்தீங்க. ஏழு வயசுப் பையனோட அரைநாள் ஒதுக்கி போகலாமா? கையில தூக்கி போட்டோ எடுக்க விடுவாங்களா? காப்பாத்துனவங்க மேல அதுங்க ரொம்ப பாசமா இருக்கும்னு பையன் சொல்லிட்டே இருக்கான். மனுஷனுக்கே சோறில்லாத உலகத்துல பறவைக்கு ஆஸ்பத்திரியாங்கிறார் என் வீட்டுக்காரர்.

செல்வி, கோவை

அன்புள்ள செல்வி,

தூக்க விடமாட்டாங்க. விடவும் கூடாது. உங்க வீட்டுக்காரர் கேள்விக்கு ஒரே வரிதான்: 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர்ல எண்ணெய் படிஞ்சது கூழைக்கடா மேலயும்தான், மீனவங்க வலை மேலயும்தான், அது ரெண்டு தனித்தனி கணக்கு இல்லன்னு அவர்கிட்ட சொல்லுங்க.

அந்த பாசம் விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் எங்கப்பா திதி, அந்த நினைப்புலயே இருந்தப்பதான் உங்க கடிதம் வந்துச்சு, அதான் உடனே எழுதுறேன்.

நான் போனது கேப்டவுன்ல டேபிள் வியூங்கிற ஏரியால இருக்குற சான்காப்ங்கிற சென்டர். 1968லேர்ந்து நடக்குது. உள்ள போனதும் முதல்ல மூக்குதான் விழிச்சுக்கும், மத்தி மீனும் எச்சமும் கலந்த நாத்தம், அப்புறம் கழுதை மாதிரி ஒரு கத்தல். அங்க வேலை செய்யுற பொண்ணு ஒருத்தி முழங்கை வரைக்கும் தடியா ஒரு உறை மாட்டிக்கிட்டு பெங்குவினை தொடைக்கு நடுவுல இடுக்கி, அலகைத் திறந்து மீனை உள்ள தள்ளிக்கிட்டிருந்தா. கொஞ்சல் இல்ல, ஒரு வார்த்தை பேச்சு இல்ல. முடிச்சுட்டு வெளிய வந்தவகிட்ட கேட்டா சிரிச்சுக்கிட்டே கையைக் காமிக்கிறா, பூரா கீறல், தழும்பு. கடிக்கிறதைப் பத்தி அவங்களுக்கு கவலையே இல்லயாம், கடிக்காம சும்மா நிக்கிற பறவையைப் பாத்தாதான் பயமாம்.

எனக்கு அங்கயே தொண்டை அடைச்சுருச்சு. எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு கூட்டியாந்தப்ப மூக்கு வழியா டியூப்லதான் கஞ்சி. பாத்துக்க ஒரு அக்கா வந்தாங்க. நாங்கல்லாம் பக்கத்துல உக்காந்து அப்பா அப்பான்னு அழுவோம், அவங்க அழமாட்டாங்க, நேரத்துக்கு புரட்டிப்போடுவாங்க, துடைப்பாங்க, கஞ்சியை ஊத்துவாங்க, போயிட்டே இருப்பாங்க. கல்நெஞ்சுன்னு நானே எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன். ஒருநாள் வாயைத் துடைக்கப் போன அவங்க விரலை அப்பா வெடுக்குன்னு கடிச்சுட்டார். ரத்தம். நான் அப்பாவை திட்ட ஆரம்பிச்சேன். அந்தக்கா விரலை உதறிக்கிட்டே, விடு தம்பி, கடிக்கிற அளவுக்கு தெம்பு வந்துருச்சுல்லன்னு சொல்லி, செல்வி, அன்னைக்குத்தான் அவங்க சிரிச்சே நான் பாத்தேன்.

அதனால உங்க பையன்கிட்ட இந்த நன்றி கதையெல்லாம் சொல்லாதீங்க, அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, நீங்கதானே? உங்க வாட்ஸப் வீடியோதானே? காப்பாத்துனதும் அது நம்மளை வந்து கட்டிக்கணும்னா அதுக்குப் பேரு வேற. அந்தப் பறவை பக்கத்துலேர்ந்து பாருங்க. கப்பல்லேர்ந்து கொட்டுன எண்ணெய் பட்டா இறகு ஒட்டிக்கிட்டு குளிர்ந்த தண்ணி உடம்புல ஏறிரும், கோதிக் கோதி எண்ணெயையும் முழுங்கிரும். பிடிச்சவுடனே கழுவவும் மாட்டாங்க, செத்துரும், முதல்ல டியூப்ல தண்ணியும் சத்தும் ஏத்தி தேத்தணும். அப்புறம்தான் சோப்பு, தலைக்கு டூத்பிரஷ். இவ்வளவும் அதுக்கு என்னவா தெரியும்? ஏதோ பெரிய மிருகம் பிடிச்சு தின்னப்போகுதுன்னுதான். கடிக்காம என்ன பண்ணும்? மனுஷன்னா பயமில்லாம பழகிருச்சுன்னா கடலுக்கு திருப்பி அனுப்புறதே கஷ்டம், அதனாலதான் யாரும் அதுங்ககிட்ட கொஞ்சுறதில்ல.

2000 ஜூன்ல ட்ரெஷர்னு ஒரு கப்பல் கேப்டவுன் பக்கத்துல ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் நடுவுல மூழ்கி, சுமார் 19,000 பெங்குவின் எண்ணெய்ல மாட்டுச்சு. அதுங்களை ஊர்ஜனம் ஆயிரக்கணக்குல வந்து கழுவுச்சு. எண்ணெய் படாத இன்னொரு 19,500ஐ என்ன பண்ணாங்க தெரியுமா, லாரில ஏத்தி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி போர்ட் எலிசபெத் பக்கம் கடல்ல விட்டாங்க. நீந்தி வீடு வந்து சேர்றதுக்குள்ள இங்க எண்ணெயை எடுத்துரலாம்னு கணக்கு. பீட்டர், பமீலா, பெர்சின்னு மூணுக்கு முதுகுல டிரான்ஸ்மிட்டர் ஒட்டி விட்டு, அதுங்க வர்ற வழியை ஜனம் இன்டர்நெட்ல பாத்துக்கிட்டிருந்துச்சு. கழுவி விட்டதுல ஒண்ணாவது திரும்பி வந்து யாருக்காவது தேங்க்ஸ் சொல்லுச்சா? கடல்ல விட்டா திரும்பிப் பாக்காம போகும். அதுக்குத்தான் அத்தனை பேரு கடி வாங்குனது.

இப்ப எண்ணெயை விட பெரிய பிரச்சினை சாப்பாடு. மத்தியும் நெத்திலியும் கொறைஞ்சு போய், 2024ல இந்த ஆப்பிரிக்க பெங்குவின் இனத்தை அழிவோட கடைசிப் படியில வச்சுட்டாங்க, மொத்தம் பத்தாயிரம் ஜோடிக்கும் கம்மி. நீங்க போற டிசம்பர்ல தாய் தகப்பனுக்கு இறகு உதிர்ற நேரம் வேற. மூணு வாரம் போல கடல்ல இறங்க முடியாது, லேட்டா பொறந்த குஞ்சுங்க பட்டினி, அதுங்களைத்தான் எடுத்துட்டு வந்து வளப்பாங்க. அதனால கூட்டமா குஞ்சு பாக்க வாய்ப்பிருக்கு.

அரைநாள் எதுக்கு, ரெண்டு மணி நேரம் போதும். கெளம்புறதுக்கு முன்னாடி டூர் டைம் கேட்டுக்கோங்க. பையனுக்கு பழைய சட்டை போட்டு விடுங்க, ஹோட்டல் வந்தப்புறமும் என் சட்டைல அந்த மத்தி நாத்தம் போகல, ரெண்டு நாள் துவைக்காமத்தான் வச்சிருந்தேன்.