வைக்கோல் குவியலுக்குள் வெள்ளைப் பூஞ்சணம்: கொளுத்தலாமா?

கேள்வி: காலபோக அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் குவித்துத் தண்ணீர் தெளித்து வைத்தேன். மூன்று மாதமாகியும் உக்கவில்லை. உள்ளே வெள்ளை நூல் மாதிரிப் படர்ந்திருக்கிறது. இது நோயா? கொளுத்திவிடவா? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: தயவுசெய்து கொளுத்த வேண்டாம். நெருப்பு வைத்தால் வைக்கோலிலுள்ள நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும், மிஞ்சும் சாம்பலையும் சோளகம் அள்ளிக்கொண்டு போகும்.

ஈர வைக்கோலுக்குள் இப்படிப் படர்வது பெரும்பாலும் செத்ததைத் தின்று வாழும் பங்கசுதான். அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை, ஆகவே சமிபாடு முழுக்க உடம்புக்கு வெளியில் நடக்கிறது: நூலின் நுனியிலிருந்து நொதியங்களைக் கசியவிட்டு, வைக்கோலின் செலுலோசைக் குளுக்கோசாக உடைத்து, கரைந்து வருவதை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. பற்றீரியாவும் இதே முறையில்தான் சாப்பிடுகிறது, ஆனால் தண்டைத் துளைத்து உள்ளே போகும் நூல் அதற்குப் பெரும்பாலும் கிடையாது. வைக்கோலுக்கு விறைப்பைத் தரும் இலிக்னினை நன்றாக உடைக்கக்கூடியவையும் சில பங்கசுகள்தான். அதனால் அது வந்திருப்பது நல்ல சங்கதி.

சரி, பிறகு ஏன் உக்கவில்லை? நைதரசன் போதவில்லை. நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்டக் காபன் மட்டும் போதாது, 25 முதல் 30 பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசனாவது இருந்தால்தான் வேலை மளமளவென்று நடக்கும். நெல் வைக்கோலிலோ காபன் பெரும்பாலும் 60 பங்குக்கு மேல். கடையில் எதுவும் வாங்கத் தேவையில்லை. குவியலைப் பிரித்து, ஒரு அடுக்கு வைக்கோல், அதன்மேல் பச்சை மாட்டெரு, வேலியில் நிற்கும் சீமைக்கிளுவை இலை என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். தண்ணீரை மேலால் தெளித்தால் வழிந்தோடிவிடும், வைக்கோலின் மேற்பரப்பில் மெழுகுப் பூச்சு இருக்கிறது, ஆகவே நன்றாக ஊறவைத்தே அடுக்க வேண்டும், கையில் பிழிந்தால் ஓரிரு துளி வந்தால் போதும். வைகாசி வெயிலுக்குக் கிடுகு போட்டு மூடுங்கள்.

ஒரு கிழமைக்குள் உள்ளே கை வைக்க முடியாத சூடு வர வேண்டும். 55 பாகைக்கு மேல் சில நாள் நின்றால் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் செத்துவிடும். அப்புறம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டுங்கள், ஒட்சிசன் இல்லாவிட்டால் நாற்றம் வந்துவிடும்.

அரைகுறையாக உக்கியதை உழுது உடனே விதைக்காதீர்கள். நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையும் இழுத்துக்கொள்ள, இளம் பயிர் மஞ்சளாகிவிடும். கறுத்து, கையில் உதிர்ந்த பிறகே வயலுக்குப் போடுங்கள், ஐப்பசி விதைப்புக்கு நாள் இருக்கிறது.