விருது கொடுப்பதைத் தவிர தேசிய அகாடமிகளுக்கு வேறென்ன வேலை?

விருது, பொன்னாடை, பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து, இவற்றைத் தவிர அறிவியல், கலை அகாடமிகளால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த நாலு எழுத்தையும் லேசாக எண்ண வேண்டாம். இங்கே எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறாமல் போய், சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த கணித மேதை ராமானுஜனை 1918-இல் பிரிட்டனின் அறிவியல் அகாடமியான லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. முந்தின வருடம் ஃபெலோவாக எடுக்க மறுத்திருந்த கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி, அதே 1918-இல் எடுத்துக்கொண்டது.

நெதர்லாந்து மாதிரி சில நாடுகளில் அறிவியலுக்கும் கலைக்கும் ஒரே அகாடமி. நம்மிடம் தனித்தனி. அறிவியலுக்கே மூன்று: சர் சி.வி. ராமன் 1934-இல் பெங்களூரில் தொடங்கியது, டெல்லியில் ஒன்று, அலகாபாத்தில் ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்து கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப் தருகின்றன. சாதாரணக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் உதவித்தொகையோடு வேலை செய்யலாம். எங்கள் மாணவி ஒருத்தி அப்படிப் போனாள். விடையை முன்னாலேயே வைத்துக்கொண்டு பிராக்டிகல் ரெக்கார்டு எழுதிப் பழகியவள், அங்கே லேசரை நேராக நிறுத்தவே முதல் வாரம் முழுக்கப் போராடியிருக்கிறாள். திரும்பி வந்ததும், "சார், நம்ம ரீடிங்ல எவ்வளவு பிழை இருக்கலாம்னு ஏன் எழுதறதே இல்ல?" என்று கேட்டாள். அப்புறம் எங்கள் லேபில் எல்லோரும் எழுத ஆரம்பித்தோம். கலைப் பக்கம் பார்த்தால், சென்னை கிரீம்ஸ் சாலையில் இருக்கும், ஓவியம் சிற்பத்துக்கான தேசிய அகாடமியான லலித் கலா அகாடமியின் மையத்துக்குப் போய்ப் பாருங்கள். அச்சு ஓவியத்துக்கான பிரஸ்ஸை எந்த இளம் ஓவியரும் வீட்டில் வாங்கிப் போட முடியாது, அங்கே இருக்கிறது.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய வேலை, அரசாங்கம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு விஷயத்தை அலசி உள்ளதை உள்ளபடி சொல்வது. இதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்பது என் எண்ணம். 2010-இல் பி.டி. கத்தரிக்காய் என்ற மரபணு மாற்றிய கத்தரிக்காயை மத்திய அரசு நிறுத்தி வைத்த சமயம், அமைச்சர் கேட்டதன் பேரில் மரபணு மாற்றுப் பயிர்கள் பற்றி ஆறு அகாடமிகள் சேர்ந்து ஓர் அறிக்கை கொடுத்தன. அதில் சில பகுதிகள், அந்தப் பயிர்களை ஆதரித்து ஏற்கெனவே வெளிவந்த ஒரு கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை என்று வெளியே வந்தது. அறிக்கையைக் கேட்ட சுற்றுச்சூழல் அமைச்சரே கடுமையாகக் குறை சொன்னார், அறிக்கையைத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டியதாயிற்று. பயிர் நல்லதா கெட்டதா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும், இரண்டு தரப்பும் நம்பிக் கேட்கக்கூடிய ஒரு குரல் அன்றைக்கு நமக்கு இல்லாமல் போயிற்று, அதுதான் எனக்கு வருத்தம்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய மலைக்குள் குடைந்து அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது, ஊரில் எதிர்ப்பும் கிளம்பியது. மலையைக் குடைந்தால் தண்ணீர் என்ன ஆகும், வெடி வைத்தால் வீடு தாங்குமா என்று அந்த மக்கள் கேட்டது நியாயமான கேள்விகள். திட்டத்தில் சம்பந்தப்படாத விஞ்ஞானிகளை ஓர் அகாடமி தேர்ந்தெடுத்து, அவர்கள் அங்கேயே போய் உட்கார்ந்து, சாதகம் பாதகம் இரண்டையும் தமிழிலேயே எழுதி, அனுமதிக்கு முன்னாலேயே ஊர்க்காரர்கள் கையில் கொடுக்க வேண்டும். அகாடமி என்றால் நான் எதிர்பார்ப்பது இந்த வேலையைத்தான்.