மழை பெய்தால் தானாக அலறும் ஹாரன்: பிக்கப் வண்டி வாசகர் கேள்விகள்

இந்த இதழில் பிக்கப் வண்டிகளின் வயரிங்கில் தண்ணீர் இறங்குவது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: காய்கறி லோடு ஓடும் ஏழு வருடப் பழைய பிக்கப். பெரிய மழை பெய்த மறுநாள் காலையில் ஹாரன் தானாக அடிக்கிறது. வைப்பரும் சுவிட்சை அணைத்தாலும் நிற்பதில்லை. மீட்டரில் விளக்குகள் மாறி மாறி எரிகின்றன. வெயில் ஏறியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஹாரன் ரிலே (ஹாரனுக்குக் கரண்ட் விடும் சிறு மின்சுவிட்ச்), ஸ்டியரிங் அருகே உள்ள காம்பினேஷன் சுவிட்ச் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. பலனில்லை. (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: வெயில் ஏறினால் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் துப்பு. கெட்டுப்போன ரிலே வெயிலில் குணமாகாது. ஈரம்தான் காயும். இதற்குமேல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள், தண்ணீர் நுழையும் வழியைத் தேடுங்கள்.

ஹாரன் ஏன் தானாக அடிக்கிறது? பெரும்பாலான வண்டிகளில் ஹாரன் ரிலேயின் காயிலுக்கு (கம்பிச்சுருளுக்கு) ஒரு பக்கம் கரண்ட் எப்போதும் இருக்கும். மறுபக்க வயரை எர்த்தோடு (பேட்டரி நெகட்டிவோடு இணைந்த வண்டித் தகட்டோடு) சேர்ப்பது மட்டும்தான் ஸ்டியரிங்கில் உள்ள பட்டனின் வேலை. அந்த வயர் வரும் வழியில் ஏதாவது ஒரு கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளக்கில்) சேறும் களிம்பும் கலந்த ஈரம் படிந்தால் அதுவே எர்த் ஆகிவிடும். காயில் இழுக்க 0.15 ஆம்பியர் அளவு கரண்ட் போதும். வைப்பரும் மீட்டரும் சேர்ந்தே கெடுவதால், இந்த மூன்றின் வயர்களும் கூடும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பாக்ஸாகவே இருக்கும்.

முதலில் கால்மிதியைத் தூக்கிவிட்டு அதற்கு அடியில் உள்ள பஞ்சு விரிப்பை விரலால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் தண்ணீர் நிற்கும். பிறகு வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கிரில்லைக் கழற்றுங்கள். மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் அங்கே ஒரு கை இலைச்சருகு இருக்கும். அது வடிகால் துளையை அடைத்துவிட, தேங்கும் தண்ணீர் புளோயருக்குக் காற்று போகும் வாய் வழியே கேபினுக்குள் வழிகிறது. அடுத்துப் பார்க்க வேண்டியவை முன்கண்ணாடியின் கீழ் மூலைகளும், கூரையில் கேரியர் போட்ட போல்ட் துளைகளும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் வயர் நுழையும் ரப்பர் கிரோமெட்டையும் விடாதீர்கள். மியூசிக் சிஸ்டமோ ஜிபிஎஸ்ஸோ போட்டவர்கள் அந்தக் கிரோமெட்டைக் கிழித்துத் தங்கள் வயரை விட்டிருப்பார்கள். வயர் மேலிருந்து சரிந்து நேரே துளைக்குள் போனால் தண்ணீரும் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். துளைக்கு முன் வயரைக் கீழே தொங்கவிட்டு, வளைத்து மேலேற்றி நுழைத்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இதற்குச் செலவே இல்லை, ஆனால் பலரும் செய்வதில்லை.

எந்த வழி என்று உறுதிசெய்ய இருவர் வேண்டும். உள்ளே இருப்பவர் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். உள்தகட்டில் சாக்பீஸ் பொடியைத் தூவி வைத்தால் தண்ணீர் இறங்கும் கோடு தெளிவாகத் தெரியும். வெளியே இருப்பவர் ஹோஸ் பைப்பில், அழுத்தம் இல்லாமல், ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் கிரில், பிறகு கண்ணாடியின் கீழ்ப்பகுதி, பிறகு பக்கவாட்டு, கடைசியாகக் கூரை. கூரையில் தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எதில் ஒழுகியது என்று சொல்லவே முடியாது.

வழியை அடைத்த பிறகுதான் ஃபியூஸ் பாக்ஸைத் தொட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எது எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொண்டு கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். பித்தளைப் பின்னில் பச்சையாகக் களிம்பு தெரிந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்க உலரவிடுங்கள். உள்ளே உள்ள சர்க்யூட் போர்டில் இரண்டு தடங்களுக்கு நடுவே கறுத்துக் கரிந்த கோடு தெரிந்தால் மட்டும் கழுவிப் பயனில்லை. அந்தக் கரியே கரண்ட் கடத்தும், பாக்ஸை மாற்றத்தான் வேண்டும்.

கண்ணாடி ஓரத்தை அடைக்கக் கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் குளியலறை சிலிக்கான் வேண்டாம். அது உலரும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் தகட்டையும் செம்பையும் அரிக்கும்.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து மீன் லோடு அடிக்கிறோம். இடது இண்டிகேட்டர் போட்டால் பின்னால் பிரேக் லைட்டும் மங்கலாகச் சேர்ந்து மின்னுகிறது. பிரேக் அழுத்தினால் பார்க் லைட் மங்குகிறது. பல்பும் ஹோல்டரும் புதிது.

பதில்: எர்த் போய்விட்டது. ஒரு டெயில் லைட்டுக்குள் இருக்கும் பல்புகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே எர்த் வயர்தான். அது அறுந்தாலோ களிம்பு ஏறினாலோ, இண்டிகேட்டருக்குப் போன கரண்ட் திரும்பிவர வழியில்லாமல் பக்கத்து பல்பின் இழை வழியே சுற்றிக்கொண்டு போகும். அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்கு மங்கலாக எரிகிறது.

சோதனை எளிது. இரண்டு மூன்று மீட்டர் நீளத் தனி வயரை எடுத்து விளக்கின் எர்த்தையும் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) சுரண்டிப் பளபளப்பாக்கிய ஓர் இடத்தையும் இணைத்துப் பாருங்கள். விளக்குகள் ஒழுங்காக எரிந்தால் முடிவாகிவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி விளக்கின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் களிம்பு இருக்கிறது.

மீன் வண்டியில் இது அடிக்கடி வருவதற்குக் காரணம் மழையல்ல, ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர். லோடு பாடியின் பலகை இடுக்கில் இறங்கி, பின்பக்க வயர் கட்டின் மேலேயே சொட்டும். உப்புநீர் நல்ல நீரைவிடப் பல மடங்கு நன்றாகக் கரண்ட் கடத்தும். கரண்ட் உள்ள வயரில் உப்புநீர் பட்டால் செம்பு கரைந்துகொண்டே போகும். அதைவிட மோசமானது, தோலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளுக்கு இடையே தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறுவது. வெளியே வயர் புதிதுபோலத் தெரியும். நுனியை உரித்தால் உள்ளே கம்பி கறுத்துப் பச்சை பூத்து, மடக்கினால் பொடியாக உதிரும்.

ஆகவே வயரை உரித்துக்கொண்டே போய், செம்பு பளபளவென்று தெரியும் இடத்தில் வெட்டுங்கள். 10, 15 சென்டிமீட்டர் போனாலும் தயங்க வேண்டாம். கறுத்த கம்பியில் ஈயம் பிடிக்காது, கிரிம்ப்பும் நிற்காது. அங்கிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை இணைத்து, உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்குங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் அது உப்புநீரை உள்ளே தேக்கி வைக்கும். எர்த் வயரின் மறுநுனியில் வட்ட லக் போட்டு நேராகச் சேஸிஸில் இறுக்குங்கள். லோடு பாடியில் வேண்டாம், அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே கட்டையும் ரப்பரும் துருவும் இருக்கும். பெயின்ட் போக எமரி தாளால் தேய்த்து, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கிய பிறகு மேலே பெயின்ட் அடித்து மூடுங்கள். அப்படியே வயர் கட்டைச் சேஸிஸின் உள்பக்கத்துக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: வாட்டர் சர்வீஸ் விட்டு வந்ததிலிருந்து இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. பேட்டரி புதிது.

பதில்: நிறுத்திய வண்டி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்துவிடலாம். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, அரை மணி நேரம் விடுங்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரைப் 10 ஆம்பியர் துளையில் வைத்து, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே தொடராக இணையுங்கள். புதிதாக இணைத்ததும் சில நிமிடம் அளவு கூடுதலாகக் காட்டும், அடங்கும்வரை பொறுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் வந்தால் சரி. ஒரு ஆம்பியர் காட்டினால் நாளுக்கு 24 ஆம்பியர் அவர் போகிறது, இரண்டு நாளில் வண்டி படுத்துவிடும். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் ஃபியூஸ் போய்விடும், கவனம்.

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் அளவு சட்டென்று இறங்குகிறதோ, கோளாறு அந்த லைனில். எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் இறங்கவில்லை என்றால், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி இன்சுலேட் செய்துவிட்டுப் பாருங்கள். இன்ஜின் பக்கம் பிரஷர் கன் அடிக்கும்போது ஆல்டர்னேட்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். அடுத்த முறை ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கப்ளர் மூன்றின் மேலும் கன்னைக் காட்ட வேண்டாம் என்று சர்வீஸ் பையனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கப்ளரின் ரப்பர் சீல் மழையைத் தாங்கும், கன்னின் அழுத்தத்தைத் தாங்காது.

கேள்வி: பிஎஸ்6 பிக்கப். மழைக்குப் பிறகு செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, வண்டி வேகமெடுப்பதில்லை. ஸ்கேனரில் பல யூனிட்களோடு தொடர்பு இல்லை என்று வருகிறது. ஈசியூ போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒரே நேரத்தில் பல யூனிட் தொடர்பு போனால், அவற்றை இணைக்கும் இரட்டை வயரான கேன் லைனில்தான் முதல் சந்தேகம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 ஆகிய பின்களுக்கு நடுவே ஓம் அளவு பாருங்கள். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சேர்த்து 60 காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்துக்கு அருகே வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. (சில வண்டிகளில் இந்த சாக்கெட் வேறொரு யூனிட் வழியாக இணைந்திருக்கும், அங்கே வயரிங் படத்தைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும்.) அளவு தவறாக இருந்தால் தண்ணீர் பட்ட கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். வயரில் ஊசி குத்திச் சோதிக்க யாரையும் விடாதீர்கள். அந்த ஊசித்துளைதான் அடுத்த மழைக்குத் தண்ணீர் நுழையும் வாசல்.

கேள்வி: எல்லாக் கப்ளரிலும் கிரீஸ் பூசிவிடலாமா?

பதில்: சேஸிஸ் கிரீஸ் கூடாது, பெட்ரோலிய எண்ணெய் ரப்பர் சீலை ஊதவைக்கும். சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸை ரப்பர் சீலில் மட்டும் மெல்லப் பூசுங்கள். களிம்பு ஏறிய கப்ளரைச் சுத்தம் செய்யாமல் மேலே பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

கேள்வி: வெள்ளத்தில் சீட் மட்டம்வரை முழுகி நின்ற வண்டியை முதலில் என்ன செய்ய வேண்டும்? (வாசகர், சென்னை முடிச்சூர்)

பதில்: சாவியைப் போடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முழுகிய வண்டிகளுக்குச் சொன்னதேதான் இப்போதும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் ஒரு முறை செல்ஃப் அடித்தாலே கனெக்டிங் ராடு வளையும். சாவியைப் போட்டாலே நனைந்த வயரிங்கில் கரண்ட் பாய்ந்து செம்பு கரையத் தொடங்கும். தண்ணீர் வடிந்ததும் முதலில் பேட்டரி நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி படம் எடுத்து இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லுங்கள். வண்டியைக் கட்டி இழுத்து நகர்த்தாமல் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பட்டறையில் இன்ஜின் ஆயிலைப் பார்க்கும்போது அது பாலும் டீயும் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சீட்டையும் தரைவிரிப்பையும் கழற்றியாக வேண்டும். முழுகிய கப்ளர்களைப் பிரித்து முதலில் நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, பிறகு கிளீனர் அடித்து, பிரித்தபடியே இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். சேறு காய்ந்து இறுகிய பிறகு கழுவுவது பெரும்பாடு. மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக்குடையவை. அவற்றில் மீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைக்கக் கூடாது, கம்பெனி சர்வீஸில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய பிக்கப் வாங்கப்போகிறேன். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். யாரும் கழுவாத அந்தக் கடைசி முழ நீளத்தில் சேற்றுக் கறை நிற்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்க் கோடு, ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்மூலையில் நுண்மணல் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு இறங்கினாலும் சரி.