கைவிடப்பட்ட பேக்கேஜின் பெயர் யாருக்கு? – கேள்வி பதில்

ஓப்பன் சோர்ஸ் களஞ்சியங்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் பேக்கேஜ்களின் (பிறர் இறக்கிப் பயன்படுத்த வெளியிட்ட நிரல் தொகுப்புகளின்) பெயரைக் கேட்டு வாங்குவது பற்றி வந்த கேள்விகளும், அவற்றுக்கு என் பதில்களும்.

கேள்வி: அண்ணா, என் லைப்ரரிக்கு நான் வைக்க நினைத்த பெயர், பைதான் பேக்கேஜ்களின் களஞ்சியமான பைபிஐ-யில் ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறது. பல வருடமாக ஒரு ரிலீஸ் (புதிய பதிப்பு) கூட இல்லை. எனக்குக் கிடைக்குமா?

பதில்: பழசாகிவிட்டது என்பதற்காக மட்டும் கிடைக்காது. பைபிஐ பின்பற்றுவது 2017-இல் எழுதப்பட்ட பெப் 541 என்ற விதியை. உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, கடந்த 12 மாதங்களில் ரிலீஸ் இல்லை, முகப்புப் பக்கத்திலும் அவர் நடமாட்டம் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது கைவிடப்பட்ட பேக்கேஜ். அதன் பிறகும், புதிய ப்ராஜெக்ட்டுக்கு அந்தப் பெயரைக் கேட்டால், உங்கள் ப்ராஜெக்ட் ஏற்கெனவே வெளியாகி நாலு பேருக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். பழையதை யாரும் பயன்படுத்தவில்லை என்று டவுன்லோடு கணக்கும் காட்ட வேண்டும். "வைக்க நினைத்த" என்கிறீர்கள். இன்னும் வெளியிடவில்லை என்றால் வேறு பெயர் பாருங்கள் தம்பி.

கேள்வி: திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. அப்போதும் இதே விதிதானா?

பதில்: இல்லை. பெயரைப் பிடித்து வைப்பதற்காகவே போட்ட காலி பேக்கேஜை அந்த விதி செல்லாததாகவே கருதுகிறது. அதைக் குறிப்பிட்டே புகார் கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் நம்பியிருக்கும் ஒரு பேக்கேஜ் புதிய பைதானில் ஓடவில்லை. அதன் நிரலைத் தனி நகலாக (ஃபோர்க்) எடுத்துச் சரிசெய்துவிட்டோம். அதே பெயரில் வெளியிட என்ன வழி, சார்?

பதில்: இருப்பதிலேயே நியாயமான கோரிக்கை இதுதான். முதலில் உரிமையாளருக்கு எழுதுங்கள். "நீங்கள் கவனிக்காததால் பெயரைக் கொடுங்கள்" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும். அவர் சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் உங்கள் வேலை இத்தனை நாள் ஓடியது. அதற்கு நன்றி சொல்லுங்கள். எதைச் சரிசெய்தீர்கள் என்று ஃபோர்க்கின் சுட்டியோடு காட்டுங்கள். முழு உரிமையைக் கேட்காமல் துணை மெயின்டெய்னராக (பராமரிப்பாளராக) சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு க்ளிக்கில் முடிகிற உதவிக்குப் பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள். பதில் வராவிட்டால், நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் கேளுங்கள், பேக்கேஜ் விவரத்தில் உள்ள வேறு மின்னஞ்சலுக்கும் எழுதுங்கள். எழுதிய தேதிகளைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் பைபிஐ-யின் உதவிப் பகுதியில் விண்ணப்பம். நீங்கள் முயன்று பதில் வராததற்கான ஆதாரம், ஃபோர்க்கில் செய்த மேம்பாடு, வேறு பெயர் ஏன் உதவாது என்ற விளக்கம், மூன்றும் வேண்டும். நிர்வாகிகள் தாங்களும் குறைந்தது 3 முறை தொடர்புகொள்ள முயல்வார்கள். 6 வாரம் வரை பார்ப்பார்கள். அதன் பிறகும் அவர்களுக்குத் தயக்கம் இருந்தால் மறுக்கலாம்.

கேள்வி: யாரும் தொடாத ஒரு பெயருக்கா இத்தனை கெடுபிடி?

பதில்: உரிமையாளர் தொடுவதில்லை, சரி. ஆனால் அந்தப் பெயரைத் தங்கள் நிரலில் எழுதி வைத்தவர்களின் கணினிகள் அதை இன்றும் இறக்கிக்கொண்டிருக்கும். பெயர் கைமாறினால், புதியவர் போடும் அடுத்த ரிலீஸ் கேள்வி கேட்காமல் அங்கெல்லாம் போய் உட்காரும்.

2018-இல் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்-மில் ஈவன்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜை அதன் ஆசிரியர் உதவ முன்வந்த ஒரு முகம் தெரியாதவரிடம் நல்லெண்ணத்தோடு ஒப்படைத்தார். வந்தவர் கோபே என்ற பிட்காயின் வாலெட்டிலிருந்து திருடும் நிரலை உள்ளே நுழைத்தார். 2022-இல் பைபிஐ-யின் சிடிஎக்ஸ் பேக்கேஜில் ஒப்படைப்புகூட நடக்கவில்லை. உரிமையாளரின் மின்னஞ்சல் இருந்த டொமைன் (இணையப் பெயர்) காலாவதியானது. அதை இன்னொருவர் வாங்கி, பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போய்விட்டார். 2014-க்குப் பிறகு அசையாமல் கிடந்த பேக்கேஜ் திடீரென்று புது ரிலீஸ் கண்டு, பயனர்களின் அமேசான் கிளவுட் கணக்குச் சாவிகளைத் திருடியது. உங்கள் விண்ணப்பம் தாமதமாகும்போது எரிச்சல் வரும். ஆனால் அந்தத் தாமதம் உங்களையும் காக்கிறது.

கேள்வி: ட்ரேட்மார்க் வைத்திருக்கும் நிறுவனம் கேட்டால் கொடுத்துவிடுவார்களா?

பதில்: அது சட்ட விவகாரம், கைவிட்டதா இல்லையா என்ற கேள்வியே அங்கே வராது. 2016 மார்ச்சில் கிக் என்ற மெசேஜிங் நிறுவனம் கேட்டதும், அஜெர் கொச்சுலு என்ற புரோகிராமரிடமிருந்த 'கிக்' பெயரை என்பிஎம் எடுத்துக் கொடுத்தது. அவர் கோபத்தில் தன் பேக்கேஜ்கள் அத்தனையையும் விலக்கினார். அதில் 11 வரி லெஃப்ட்-பேடும் ஒன்று. அதை நம்பியிருந்த ஏராளமான ப்ராஜெக்ட்கள் பில்ட் ஆகாமல் நின்றன. பெயரைப் பறித்த விதம் தவறு என்பதே என் கருத்து. அதற்குப் பிறகு என்பிஎம் பேக்கேஜை விலக்கும் விதிகளை இறுக்கியது.

கேள்வி: மற்ற இடங்களில் எப்படி?

பதில்: ரஸ்ட் மொழியின் களஞ்சியமான க்ரேட்ஸ்-இல் முதலில் வந்தவருக்கே பெயர், உரிமையாளர் சம்மதிக்காமல் மாற்றித் தருவதில்லை. ஆர்ச் லினக்ஸில் பயனர்களே பேக்கேஜ் போடும் ஏயுஆர் களஞ்சியம் தாராளம்: மெயின்டெய்னர் 2 வாரம் பதில் தராவிட்டால் பேக்கேஜ் அநாதையாக அறிவிக்கப்படும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். டெபியன் லினக்ஸில் 'மீட்க விரும்புகிறேன்' என்று அறிவித்துவிட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: அப்படிக் காணாமல் போன உரிமையாளர் நான்தான். இனி நேரம் ஒதுக்க முடியாது. அழித்துவிடட்டுமா?

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். பைபிஐ-யில் அழித்த பெயரை இன்னொருவர் பதிந்துகொள்ள முடியும். பழைய நம்பிக்கையில் இறக்குகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 2025 முதல் ப்ராஜெக்ட்டை 'ஆர்கைவ்' (இனி புதுப்பிப்பு வராது) என்று குறிக்கும் வசதி அங்கே இருக்கிறது, அதைச் செய்யுங்கள். அறிமுகக் கோப்பான ரீட்மீயில் நிலைமையை இரண்டு வரியில் எழுதுங்கள். யாராவது கேட்டால், அவர் அனுப்பிய திருத்தங்களைச் சில மாதம் பார்த்துவிட்டு உரிமை கொடுங்கள். சொந்த டொமைன் மின்னஞ்சலில் பதிந்திருந்தால், புதுப்பிப்பதை நிறுத்துவதற்கு முன் கணக்கில் வேறு முகவரியை மாற்றிவிடுங்கள்.