சொன்ன சொல் மாறிய எபிசோடு

அன்புள்ள ஐயா,

தக்கலையில் நாங்கள் நான்கு நண்பர்கள் ஞாயிறு மாலைகளில் ஒன்றாக உட்கார்ந்து அமெரிக்க விண்வெளித் தொடரான ஸ்டார் டிரெக் பார்க்கிறோம். பழைய தொடரின் 79 எபிசோடுகளையும் முடித்துவிட்டு, இப்போது அதன் பின்தொடரான 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னில் பாதி தாண்டிவிட்டோம். போன மாதம் இருப்பதிலேயே மோசமான எபிசோடு எது என்று பேச்சு வந்தது. மூன்று பேர் 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்' என்றோம். நாலாமவருக்கு அது சின்ன வயதில் பார்த்து மனதில் பதிந்த கதை. பேச்சு முற்றிவிட்டது. மூன்று வாரமாக அவர் வருவதில்லை. பிடித்த தொடரில் மோசமானதைத் தேடிப் பேசுவது வீண்வேலையா? உங்கள் கணக்கில் மோசமானது எது?

தக்கலை வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

வீண்வேலை என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் சுடலைமாடன் கோவில் கொடை முடிந்த மறுநாள் காலை டீக்கடைக்குப் போனால் இதே பேச்சுதான் நடக்கும். வில்லுப்பாட்டுப் புலவருக்கு ரெண்டாம் நாள் தொண்டை கட்டிவிட்டது, சுடலை பிறப்பை அவசரமாக ஓட்டிவிட்டார் என்று ஆளுக்கொரு குறை சொல்வார்கள். என் பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தூண்டாமணி விளக்கின் முன்னால் பார்வதி முந்தானையை ஏந்தி நிற்கும் இடத்தைத் தணிந்த குரலில் தானே பாடிக் காட்டுவார். வில்லில் வீசுகோல் விழுகிற கணக்கில் அவர் விரல் பெஞ்சுப் பலகையில் தட்டிக்கொண்டிருக்கும். "இந்த எடத்துல கொஞ்சம் நிக்கணும்லா? சுடர் தெறிச்சு முந்தானையில விழ நேரம் குடுக்கணும்லா?" என்பார். கதை முழுக்க நெஞ்சில் இருப்பவருக்குத்தான் அந்த ஒரு நொடி குறைந்தது தெரியும். நீங்கள் நான்கு பேரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்.

சரி, 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்'. விண்கலத்துக்குள் ஒரு பெண் வருகிறாள், எல்லோரையும் மயங்க வைக்கிறாள், கலத்தின் துணைத் தலைவரான ஸ்பாக்கின் மூளையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். மூளை இல்லாத உடம்பைக் கூட்டிக்கொண்டு மற்றவர்கள் தேடிப் போகிறார்கள். டாக்டர் மெக்காய் கையில் ஒரு சின்னக் கருவி. பொத்தானை அழுத்தினால் ஸ்பாக் நடக்கிறார், இன்னொரு முறை அழுத்தினால் நிற்கிறார். மூளை எங்கே என்று கேட்டால் அந்தப் பெண், மூளை என்றால் என்ன என்று திருப்பிக் கேட்கிறாள். சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆனால் அது வந்த சூழ்நிலையையும் பார்க்க வேண்டும். இரண்டாம் சீசனோடு தொடரை நிறுத்திவிடும் யோசனையில் இருந்தது அதை ஒளிபரப்பிய டி.வி. நிறுவனமான என்.பி.சி. ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதித்தான் மூன்றாம் சீசனை வாங்கினார்கள். வாங்கிய சீசனுக்குக் கிடைத்ததோ வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணி. இளவட்டங்கள் வீட்டில் இருக்காத நேரம். தொடரை உண்டாக்கிய ஜீன் ராடன்பெரி அன்றாட வேலையிலிருந்து விலகிக்கொண்டார். செலவுக்குக் கொடுக்கும் பணமும் குறைந்தது. அந்த சீசனின் முதல் எபிசோடாக 1968 செப்டம்பர் 20 அன்று வந்ததுதான் இது.

எழுதியவர் பெயர் லீ க்ரோனின் என்று திரையில் வரும். அது புனைபெயர். ஆள் ஜீன் கூன். அவர் 1967-ல் சொந்தப் பெயரில் எழுதிய 'தி டெவில் இன் தி டார்க்' உங்களுக்கு நினைவிருக்கும். சுரங்கத்தில் தொழிலாளர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொல்வது பாறை மாதிரி உடம்புள்ள ஒரு பிராணி, பெயர் ஹோர்ட்டா. ஸ்பாக் அதன் மேல் கை வைத்து, அதன் வலியைத் தன் வலியாக அலறும்போதுதான் உண்மை மெல்ல வெளியே வருகிறது. வெறும் உருண்டைக் கல் என்று நினைத்துத் தொழிலாளர்கள் உடைத்துப் போட்டதெல்லாம் அதன் முட்டைகள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் அது. இசக்கியம்மனுக்குப் பொங்கலிடும் நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் கதைக்கு விளக்கவுரை வேண்டாம். அதை எழுதிய அதே கைதான் மூளைத் திருட்டையும் எழுதியது.

அந்தக் கை அதிலும் ஒரேயடியாக வற்றிப்போகவில்லை. கடைசியில் மெக்காய் ஒரு கருவி மூலம் பெற்ற அறிவைக்கொண்டு மூளையைத் திரும்பப் பொருத்துகிறார். பாதியிலேயே அந்த அறிவு மறந்துபோகத் தொடங்குகிறது. பேசும் நரம்பை மட்டும் எப்படியோ இணைத்துவிடுகிறார். மீதி சிகிச்சையை, படுத்துக் கிடக்கும் ஸ்பாக்கே சொல்லிக்கொடுக்கிறார். இந்த எண்ணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். உங்கள் நண்பருக்குச் சின்ன வயதில் பிடித்ததும் இந்த இடமாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் இந்தத் தொடர் வந்தபோது, எங்களுக்குத் திருவனந்தபுரத்திலிருந்துதான் படம் கிடைக்கும். ஒருவன் மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு "இப்பம் தெரியுதா?" என்று கத்துவான். அப்படிப் பார்த்த கதையை யாராவது குப்பை என்றால் கோபம் வராதா?

'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னில் பலரும் சொல்லும் 'ஷேட்ஸ் ஆஃப் கிரே'யும் பணமுடையில் பிறந்ததுதான். இரண்டாம் சீசனின் கடைசிக்குக் காசு மிஞ்சவில்லை. கலத்தின் துணைத் தலைவர் ரைக்கரைப் படுக்க வைத்து, பழைய எபிசோடுகளின் துண்டுகளை அவர் நினைவுகளாக ஒட்டிவிட்டார்கள். அதைத் தாண்டிப் போய்விடலாம். அதே சீசனில்தான் 'தி மெஷர் ஆஃப் எ மேன்' வந்தது, டேட்டா என்கிற இயந்திர மனிதன் ஒரு பொருளா ஓர் ஆளா என்று விசாரித்த எபிசோடு. இன்னொரு ஸ்டார் டிரெக் தொடரான 'வாயேஜ'ரின் 'த்ரெஷோல்'டில் கேப்டனும் பைலட்டும் பல்லி மாதிரி ஜந்துக்களாக மாறிக் குட்டி போடுகிறார்கள். எழுதியவரே பிறகு அதைக் கைகழுவிவிட்டார். ஆனால் ஒப்பனைக்கு எம்மி விருது வாங்கியது. அந்த ஒப்பனைக்காரர்களின் உழைப்புக்காகவே நான் அதை இன்னொரு தடவை பார்ப்பேன்.

என் கணக்கில் மோசமானது 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னில் 1987-ல் வந்த 'கோட் ஆஃப் ஹானர்'. காசில்லாமல் கெட்டதல்ல அது. ஒரு கிரகத்து மக்கள் முழுக்க கறுப்பினத்தவர். தலைவன் ஜரிகைத் தலைப்பாகைக்காரன், கலத்தின் அதிகாரியான 'டாஷா யார்' என்ற வெள்ளைக்காரப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறான். பழைய காலனிக் கதைகளில் வரும் 'காட்டுவாசி ராஜா'வை அப்படியே விண்வெளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1966-லேயே உஹுரா என்ற கறுப்பினப் பெண்ணைக் கட்டுப்பாட்டு அறையில் அதிகாரியாக உட்கார வைத்த தொடர் இது. அந்த வேடத்தை விட்டு விலக நினைத்தபோது, போகாதே என்று மார்ட்டின் லூதர் கிங்கே தன்னிடம் சொன்னதாக, உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். எதிர்காலத்தில் மனிதர்கள் சமமாக இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த கதை, 21 வருஷம் கழித்துத் தன் வாயாலேயே அதை மறுத்தது. நடித்தவர்களே பின்னாளில் வெளிப்படையாகக் கண்டித்தார்கள்.

வில்லுப்பாட்டில் பாடும் நம் முத்துப்பட்டன் கதைக்கும் இது நடந்திருக்கிறது. செருப்புத் தைக்கும் சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் பெண்மக்கள் பொம்மக்கா, திம்மக்காவுக்காகப் பிராமணனான பட்டன் குடுமியை எடுத்து, பூணூலை அறுத்து, செருப்புத் தைக்க உட்காருகிறான். அந்தக் கதையில், அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணர்கள்தான், காட்டில் கிடந்ததை எடுத்து வளர்த்தார்கள் என்று ஒரு மாற்றம் பின்னால் புகுந்தது. நாட்டார் கதைப்பாடல்களை ஆராய்ந்த நா. வானமாமலை அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஓரிரு அடி சேர்ந்துவிட்டால் பட்டன் அறுத்த பூணூலுக்கு என்ன மதிப்பு? புலவருக்குத் தொண்டை கட்டினதை என் பெரியப்பா மறுநாளே மறந்துவிடுவார். இந்த அடியைப் பாடினால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

உங்கள் நண்பரை நீங்களே நேரில் போய்க் கூப்பிடுங்கள், போனில் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜீன் கூன் எழுதிய இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள், முதலில் ஹோர்ட்டா, அப்புறம் மூளைத் திருட்டு. இடத்தையும் நேரத்தையும் எழுதினால் நானும் தக்கலைக்கு பஸ் ஏறிவிடுவேன். ஸ்பாக் படுத்துக்கொண்டே சிகிச்சை சொல்லிக்கொடுக்கும் இடத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசையாக இருக்கிறது.